கொள்ளுப்பாட்டி தைத்த குழந்தைப் போர்வையைப் புதிதாக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்துப் பங்களாவில் ஆயாவாக இருந்த உங்கள் பாட்டியின் தாயார், கையில் கிடைத்த துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு குழந்தைப் போர்வை தைத்திருக்கிறார். அதில் உங்கள் வீட்டுக் குழந்தைகள் மூன்று தலைமுறையாகப் படுத்திருக்கிறார்கள். ஏற்காட்டு வீட்டு மரப்பெட்டியிலிருந்து இப்போது சேலம் அம்மாப்பேட்டைக்கு வந்திருக்கும் அந்தப் போர்வை, ஓரங்கள் பிய்ந்து, இரண்டு மூன்று இடங்களில் பஞ்சு எட்டிப்பார்க்க, மஞ்சள் பாரித்துக் கிடக்கிறது. ஐப்பசியில் மகளுக்குப் பிரசவம். அதற்குள் டிரை கிளீனிங் கொடுத்தோ, கிழிந்த துண்டுகளை மாற்றியோ அதைப் புதிதுபோல் ஆக்கிப் பேரக்குழந்தையைக் கிடத்த வேண்டும், அதற்குப் பின் வருகிறவர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும் என்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பழைய போர்வையை எப்படிக் காப்பாற்றுவது என்பது ஒன்று. குழந்தைக்கு எதை விரிப்பது என்பது மற்றொன்று. குழந்தை படுக்கும் துணியை நாளும் துவைக்க வேண்டும், தலைமுறை தாண்ட வேண்டிய துணியைக் கூடியவரை துவைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதால், இரண்டையும் ஒரே துணியின் தலையில் கட்டினால் அது தாங்காது.

நான் சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பம் படித்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சாயப்பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, அதன்பின் பழந்துணிகளைச் செப்பனிடும் வேலைக்கு வந்தவள். உங்கள் போர்வையை நான் தொட்டுப் பார்க்கவில்லை. பழந்துணியைப் பொறுத்தவரை விரலுக்குத் தெரிவதில் பாதிகூடப் படத்தில் தெரியாது. ஆகவே எந்தத் துணிக்கும் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவற்றையும், உங்கள் போர்வையைச் சோதித்தபின்தான் முடிவு செய்ய வேண்டியவற்றையும் பிரித்தே எழுதுகிறேன்.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரை கிளீனிங் வேண்டாம். அங்கே பயன்படும் கரைப்பான் ஒருபுறமிருக்க, எந்திரத்துக்குள் துணி உருண்டு புரள்வதையே நைந்த இழைகள் தாங்குவதில்லை. சலவை எந்திரம், பிளீச்சிங், உஜாலா, இஸ்திரி ஆகியவையும் வேண்டாம். கிழிந்த துண்டுகளை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்துணி வைப்பதும் வேண்டாம். அப்படி நான்கு துண்டு, அடுத்த தலைமுறையில் நான்கு துண்டு என்று மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் உங்கள் பேத்தியின் கையில் இருப்பது கொள்ளுப்பாட்டி தைத்த போர்வையாக இருக்காது. பழுதை நிறுத்தி, கிழிசலுக்கு அண்டை கொடுத்து, இருக்கிற நிலையிலேயே நீண்ட காலம் இருக்கவைப்பதுதான் இங்கே செய்யக்கூடிய வேலை. "புதிதுபோல்" என்ற எண்ணத்தை விட்டுவிட்டீர்களானால் மீதி எல்லாம் எளிது.

போர்வை இப்போது பிளாஸ்டிக் உறையில் இருந்தால் இன்றே வெளியே எடுங்கள். ஒரு மேசைமேல் வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் போர்வையைக் கிடத்தி, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து இரு பக்கமும் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு கிழிசலும் ஏன் வந்தது என்று பாருங்கள். ஓரப் பட்டி உராய்வால் தேய்ந்திருக்கும். நேர்கோட்டில் விட்டிருந்தால் அது மடிப்பு விழுந்த இடம். கறுப்பும் பழுப்பும் அச்சடித்த பூக்கள் மட்டும் உதிர்ந்து சுற்றியிருக்கும் துணி நன்றாக இருந்தால், அந்த நிறத்தைப் பிடிக்கவைக்கச் சேர்த்த இரும்பு உப்பு நாளடைவில் நூலைத் தின்றுவிட்டது என்று பொருள். பங்களாத் துரைசானியின் பழைய கவுன் துண்டாகப் பட்டு ஏதும் அதில் இருந்தால் தனியாகக் கவனியுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பியப் பட்டுக்கு எடை கூட்ட வெள்ளீய உப்பை ஏற்றும் வழக்கம் இருந்தது, அத்தகைய பட்டு காலப்போக்கில் கோடு கோடாக வெடித்துக்கொண்டே போகும். உராய்வால் தேய்ந்ததைத் தையலால் தாங்கலாம். உப்பு தின்றதையும் வெடித்த பட்டையும் ஊசியால் தொட்டால் கூடுதலாகத்தான் கெடும்.

எது பருத்தி, எது பட்டு என்பதில் ஐயம் இருந்தால், உள்தையல் ஓரத்திலிருந்து அரை அங்குல நூல் ஒன்றை உருவி, இடுக்கியில் பிடித்து, ஒரு தட்டின்மேல் எரித்துப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி. முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு அல்லது கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டர். பாலியெஸ்டர் கலந்த டெரிகாட்டன் நம் ஊர்களில் பரவலானது 1960, 70-களில்தான் என்பதால், அப்படி ஒரு துண்டு இருந்தால் அது உங்கள் பாட்டியோ அம்மாவோ பின்னாளில் போட்ட ஒட்டு. அதை அசல் இல்லை என்று பிரித்துவிடாதீர்கள். இந்தப் போர்வையை உங்களுக்கு முன்பே ஒருவர் காப்பாற்ற முயன்றதன் தடம் அது.

உள்ளே இருப்பது என்ன பஞ்சு என்பதும் தெரிய வேண்டும். வெளியே தெரியும் இடத்திலிருந்து கடுகளவு எடுத்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முறுக்குங்கள். திரியாகத் திரண்டால் பருத்தி. பட்டுப்போல் மின்னி, வழுக்கிக்கொண்டு திரளாமல் பொடியாக உதிர்ந்தால் இலவம்பஞ்சு. இலவம்பஞ்சு என்று தெரிந்தால் துவைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்; அதன் மெழுகுப் பூச்சு தண்ணீரை எளிதில் ஏற்காது, அடக்கி நனைத்தால் மூலைகளில் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும்.

அடுத்தது சாயம். இதில் நான் பட்ட அடியைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டார் இதேபோன்ற தொட்டில் போர்வை ஒன்றைக் கொடுத்தார்கள். வெள்ளையும் சிவப்பும் மாறிமாறி வந்த எளிய கட்டம். ஒரு சிவப்புத் துண்டை நனைத்துச் சோதித்தேன், சாயம் அசையவில்லை. தைரியமாகத் தொட்டியில் இறக்கினேன். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் ரோஜாப்பூ நிறமாகிவிட்டது. கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்த அந்தச் சிவப்புகளில் இரண்டு வகை இருந்திருக்கின்றன. நான் சோதித்தது கெட்டிச் சாயம், சோதிக்காமல் விட்டது கச்சாச் சாயம். இரவு முழுக்க மாற்றி மாற்றி அலசியும் வெள்ளைக் கட்டங்களில் ஏறிய சாயலைப் போக்க முடியவில்லை. கூலி வாங்காமல் திருப்பிக் கொடுத்தேன் என்பதைத் தவிர அதில் நான் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆகவே ஒரே நிறமாகத் தோன்றினாலும் ஒவ்வொரு துண்டையும், தையல் நூலையும்கூடத் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றி, மேலே ஒரு கிண்ணத்தை வைத்து அழுத்திப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். பின்பு சோப்பு நீரிலும் அதையே செய்யுங்கள். ஒரே ஒரு துண்டு சாயம் விட்டாலும் முழுப் போர்வையையும் நனைக்கக் கூடாது.

துவைக்கலாமா என்பதற்கு என் பொதுவான பதில், வேண்டியதில்லை என்பதே. தூசியை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் போதும். போர்வையின்மேல் கொசுவலைத் துண்டை விரித்து, வாக்குவம் கிளீனரை மிகக் குறைந்த இழுவையில் வைத்து, வலையின் மேலாக மெல்ல நகர்த்துங்கள். துணி பருத்தியாக இருந்து, சாயம் நின்று, உள்ளே பருத்திப் பஞ்சாகவும் இருந்து, மஞ்சள் பாரித்ததோடு புளித்த வாசனையும் வந்தால் மட்டும் ஒருமுறை நனைக்கலாம். நாள்பட்ட பருத்தியில் அமிலம் சேர்ந்து இழையை முறிக்கும் என்பதால், அந்த நிலையில் நனைப்பதால் நன்மையும் உண்டு. ஆனால் அதை ஏற்காட்டில் செய்யாதீர்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி இறங்கும் இடத்தில், பஞ்சு வைத்த துணி ஒரு பகலில் காயாது. காயாத பஞ்சில் பூஞ்சணம் பிடிக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அது கீழே வந்திருப்பதே நல்லதாயிற்று. சேலத்தில் மாசி, பங்குனியில் காற்று வறண்டிருக்கும்போது செய்வதுதான் சரி, ஐப்பசி அடைமழையில் செய்ய வேண்டிய வேலை இது அல்ல. பிரசவத்தை முன்னிட்டு அவசரப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழாய் வாயில் வெள்ளையாகப் படியும் உப்பு, போர்வெல் தண்ணீரில் அலசும் துணியிலும் படியும். தண்ணீரில் இரும்பு இருந்தால் பழுப்புப் புள்ளிகளும் வரும். கேனில் வரும் சுத்திகரித்த தண்ணீரை வாங்குங்கள். மூன்றடிக்கு நான்கடிப் போர்வைக்கு ஆறேழு கேன் ஆகும், கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. அகலமான தொட்டியில் கொசுவலையைப் போட்டு, அதன்மேல் போர்வையைக் கிடத்தி, பட்டும் கம்பளியும் துவைக்கும் காரமில்லாத திரவச் சோப்பை மிகக் கொஞ்சமாகக் கலந்து, தேய்க்காமல் ஸ்பாஞ்சால் மெல்ல அழுத்தி அழுத்தி விடுங்கள். நுரை முற்றிலும் நிற்கும்வரை தண்ணீரை மாற்றுங்கள். எடுக்கும்போது வலையோடு சேர்த்து இருவர் தூக்க வேண்டும். நனைந்த பஞ்சின் கனம் ஒரு மூலையில் விழுந்தால் எல்லாத் தையலும் ஒரே நொடியில் விட்டுவிடும். துண்டுகளின்மேல் பரப்பி, மின்விசிறிக் காற்றில், நிழலில் காயவையுங்கள். பூந்திக்கொட்டை நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். பட்டுக்கு நல்லது, நானும் பயன்படுத்துகிறேன். வெளுத்த பருத்தியில் அதன் பழுப்புச் சாயல் ஏறும் என்பதால் இங்கே தவிர்ப்பேன். சீயக்காயும் அப்படித்தான்.

கறைகளில் எது போகும், எது போகாது என்பது ஓரளவு தெரிந்த விஷயம். பால், எச்சில் கறைகள் குளிர்ந்த நீரில் ஊறினால் வெளிறும், முழுதும் போகாது; வெந்நீர் பட்டால் புரதம் இறுகி நிலைத்துவிடும். குழந்தையைக் குளிப்பாட்டிய மஞ்சளின் கறையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. காரமுள்ள சாதாரணச் சலவைச் சோப்பு நீரில் தொட்ட குச்சியை வைத்தால் அந்த இடம் செம்பழுப்பாக மாறும், அலசினால் மீண்டும் மஞ்சளாகும். அலசி முடித்த பின்னும் எங்காவது அந்தச் சிவப்புத் தங்கியிருந்தால் துணியில் இன்னும் காரம் இருக்கிறது, இன்னொரு முறை அலச வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். மஞ்சள் வெயிலில் வெளுக்கும் என்பது உண்மை. ஆனால் அதே வெயில் மற்ற சாயங்களையும் நூலையும் சேர்த்தே கெடுக்கும். ஊக்கு குத்திய இடத்துத் துருவை எலுமிச்சையால் எடுக்கலாம் என்பார்கள். துரு போகும், அங்கே இருந்த நூலும் அமிலத்தில் வலுவிழக்கும். தலைப்பக்கத்தில் கரும்புள்ளிகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவை பூஞ்சணமாக இருக்கலாம், கண்மையாகவும் இருக்கலாம். விளக்குப் புகையில் பிடித்த கண்மை வெறும் கரி, எந்தச் சோப்பிலும் கரையாது. பூதக்கண்ணாடியில் பாருங்கள், நூலின் மேலே ஈஷிக்கொண்டு, இழுத்த தடம் தெரிந்தால் மை, வட்டமாக நூலுக்குள் பரவியிருந்தால் பூஞ்சணம். மை என்று தெரிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அது உங்கள் அம்மாவுக்கு இட்ட மையாகவே இருக்கலாம்.

இனித் தையல். பழந்துணிக்குத் தையல் போடுவதில் முதல் விதி, நூல் துணியைவிட வலுவாக இருக்கக் கூடாது என்பது. கடையில் வாங்கும் பாலியெஸ்டர் நூலால் இழுத்துத் தைத்தால், அடுத்த முறை இழுபடும்போது நூல் நிற்கும், துணி கிழியும். தறி வைத்திருக்கும் வீடு உங்கள் தெருவிலேயே இருக்கும். வேட்டிப் பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், மீந்த 100-ஆம் நம்பர் மெல்லிய பருத்தி நூலைக் கேட்டு வாங்குங்கள். ஊசி 10 அல்லது 12-ஆம் எண். அடியில் வைக்க, மெல்லிய பருத்தியான மல் துணியை வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசி, கஞ்சி முழுக்கப் போன பிறகு, சுற்றியிருக்கும் நிறத்துக்கு ஏறக்குறைய ஒத்த, சற்று மங்கிய சாயத்தில் தோய்த்துக்கொள்ளுங்கள். கிழிசலைவிட ஓர் அங்குலம் பெரிதாக அதை வெட்டி, கிழிந்த மேல்துணிக்கும் பஞ்சுக்கும் நடுவில் மெல்லச் செருகி, பிரிந்த இழைகளை ஊசி முனையால் அவை முன்பு இருந்த போக்கிலேயே நேராக்குங்கள். பிறகு கிழிசலின் குறுக்கே நீள நூல்களை 3, 4 மில்லிமீட்டர் இடைவெளியில் பாவு விட்டதுபோல் கிடத்தி, ஒவ்வொரு நூலையும் ஆங்காங்கே சிறுதையலால் பிடிக்க வேண்டும். ஊசி இழையைக் குத்தாமல் இரண்டு இழைகளுக்கு நடுவில் இறங்க வேண்டும். ஒரு சாண் கிழிசலுக்கு எனக்கு அரைநாள் பிடிக்கும். முன்பே சொன்ன உதிரும் கறுப்புப் பூக்களுக்கும் வெடித்த பட்டுக்கும் இந்தத் தையல் கூடாது. அவற்றின்மேல் அதே நிறத்தில் மெல்லிய நெட் துணியைப் போர்த்தி, பக்கத்தில் இருக்கும் வலுவான துண்டின் தையல்கோட்டில் மட்டும் தைத்துவிட வேண்டும். பசையும், இஸ்திரியில் ஒட்டும் கேன்வாஸும் அருகிலேயே வரக் கூடாது. ஓரப் பட்டி முழுதும் போயிருந்தால் பழையதைப் பிரிக்காமல், அதை உள்ளே வைத்தே புதுப்பட்டியை மூடித் தையுங்கள். வெளியே வந்த பஞ்சை மெல்ல உள்ளே தள்ளுங்கள், புதுப்பஞ்சு அடைக்காதீர்கள்.

நம் ஊரில் ஒரு கைவழக்கம் உண்டு. தளர்ந்த துணியைக் கண்டால் உடனே ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு விறைப்பாக்கத் தோன்றும். மரவள்ளி மாவு கிடைப்பதற்குச் சேலத்தில் குறைவில்லை என்பதால் இதைச் சொல்கிறேன். கஞ்சி வாசனைக்குத்தான் ராமபாணப் பூச்சி வரும். கஞ்சியைத் தின்கிறேன் என்று துணியையும் சேர்த்துத் தின்றுவிடும்.

வைக்கும் முறையில் விஷயம் பாதி அடங்கியிருக்கிறது. மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். ஜவுளிக் கடையில் துணி சுற்றி வரும் அட்டை உருளை ஒன்றை வாங்கி, அட்டையின் அமிலம் துணியில் படாதபடி முதலில் அலுமினியத் தாள், அதன்மேல் அலசிய காடாத்துணி என்று சுற்றி, போர்வையின் மேல்பக்கம் வெளியே இருக்குமாறு தளரச் சுருட்டி, மேலே இன்னொரு காடாத்துணி உறை போடுங்கள். பழைய மரப்பெட்டிக்கு மீண்டும் அனுப்ப வேண்டாம். மரம் விடும் அமில ஆவியும் மஞ்சள் பாரித்ததற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பீரோவின் நடுத்தட்டு போதும், வெளிச்சுவரை ஒட்டியதாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் வளரும் என்பதால், ஏற்காட்டில் நிரந்தரமாக வைப்பதைவிடச் சேலத்தில் வைப்பது மேல். நாப்தலீன் உருண்டை வேண்டாம். வசம்போ உலர்ந்த வேப்பிலையோ பையில் கட்டி, துணியில் படாமல் வைக்கலாம். அவற்றின் பயன் ஓரளவுதான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் கண்ணுக்கு அவை மாற்றாகா. கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டும் யோசனையும் எழலாம். அருங்காட்சியகங்களில் துணிக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் விடுவார்கள். நம் வீட்டு ஜன்னலோரத்தில் பகலில் அதைப்போல் பல மடங்கு வெளிச்சம் விழும்.

பேரக்குழந்தையைப் பற்றி. முதல் ஓராண்டில் குழந்தை தூங்கும் இடத்தில் தளர்ந்த போர்வையோ தலையணையோ வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. விட்ட நூலும் உதிரும் பஞ்சும் உள்ள பழைய போர்வைக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். பெயர் சூட்டும் நாளில், மேலே துவைத்த மல் துணி விரித்து, நீங்கள் பக்கத்திலேயே இருந்து, ஐந்து நிமிடம் கிடத்திப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளும் புழங்குவதற்கு, பழையதன் கட்டங்களை அளந்து தாளில் வரைந்து, உங்கள் பருத்திச் சேலை, மகளின் சுடிதார் துண்டுகளைக் கொண்டு அதே அமைப்பில் இன்னொன்று தையுங்கள். ஐப்பசிக்குள் முடியக்கூடிய வேலை அதுதான். அதைத் தாராளமாகத் துவைக்கலாம்.

பட்டுத்துண்டு நிறைய இருந்தாலோ, பூஞ்சணம் பரவியிருந்தாலோ என் போன்றவர்களின் கைக்கும் அது அப்பாற்பட்டது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. படங்களோடு எழுதி ஆலோசனை கேட்டுப் பாருங்கள். அதுவரை தளரச் சுருட்டி வைத்திருங்கள்.

இன்னொன்றை இந்த வாரமே செய்துவிடுங்கள். கட்டங்களை வரைந்த அந்தத் தாளில் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுத்து, உங்கள் அம்மாவின் முன்னால் வைத்துக் கேளுங்கள். எது பங்களாத் திரைச்சீலை, எது யாருடைய பாவாடை, எந்த ஒட்டு எப்போது போட்டது என்று அவருக்கு நினைவிருப்பதை எல்லாம் பென்சிலால் எழுதுங்கள். தைத்தவர் பெயர், தோட்டத்தின் பெயர், அதில் படுத்த குழந்தைகளின் பெயர்கள் ஆகியவற்றை ஒரு காடாப் பட்டையில் நூலால் எழுத்தாகத் தைத்து, போர்வையில் குத்தாமல், மேலுறையின் நாடாவோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பால்பாயின்ட் பேனா மை பரவும், அதைப் பட்டையிலும் பயன்படுத்த வேண்டாம்.